சாரத்தில் நான் அடைத்த அறை

போன மாதம் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று ஊர்ந்து போனது. உழவர்கரைப் பக்கம் ஒரு குப்பைமேடு தீப்பிடித்து மூன்று நாளாக அணையாமல் புகைந்துகொண்டிருந்தது. "பொதுமக்கள் கதவு சன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்" என்று ஒருவர் வாசித்துக்கொண்டே போனார். எதிர்வீட்டுப் பெண் படபடவென்று எல்லாவற்றையும் சாத்தினாள். நான் மட்டும் கூடத்தில் நின்றது நின்றபடி நின்றேன். அந்த வாக்கியத்தை இந்த ஊரில் தமுக்கு அடித்துத் தெருத்தெருவாகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. சொன்ன மறுநாளே, நான் சொன்னபடி கேட்ட ஒரு வீட்டில், பிறந்து ஏழு நாளான ஒரு பிள்ளை கையை விட்டுப் போகப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கும் பெண்கள் எப்போதாவது என்னைப் பார்க்க வருவார்கள். காலராக் கதை கேட்பார்கள். வெள்ளைக்கார டாக்டர் தட்டைத் தூக்கி எறிந்த கதை கேட்பார்கள். புகையைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்வதில் எனக்கு எப்போதுமே ஒரு ருசி உண்டு. ஆகவே எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருஷம் சர்க்கார் நர்ஸாக இருந்தவள். முக்கால்வாசி பிரெஞ்சுக் கொடியின் கீழ், மீதி நம் கொடியின் கீழ். இரண்டு வருஷப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது மூன்று விஷயம்: எல்லாவற்றையும் கொதிக்க வை, கையைக் கழுவு, எதிர்த்துப் பேசாதே. மூன்றாவது எனக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. இன்னொன்றும் அங்கே ஒட்டிக்கொண்டது. நாடியையும் மூச்சையும் பிரெஞ்சில் எண்ணிப் பழகியதால், இன்றைக்கும் ஒருவர் மார்பைப் பார்த்து மூச்சை எண்ண வேண்டுமென்றால் எனக்குத் தமிழில் எண்ண வராது. கத்திரிக்காயைத் தமிழில் எண்ணுவேன், மூச்சை பிரெஞ்சில்தான்.

வெள்ளைச் சேலை கட்டியதால் ஊரில் எனக்குப் பெயர் 'மாசேர்'. கன்னியர் மடத்துச் சகோதரிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் மூன்று பிள்ளை பெற்றவள் என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டுங்க மாசேர்" என்று விட்டார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் வீடு வீடாகப் போகும் வேலைக்கு என்னை மாற்றினார்கள். அந்தப் பிரிவுக்கு மேலதிகாரியாக வந்த டாக்டர் என்னைவிட மூன்று வயது இளையவர். பிரான்சில் வடக்கே நிலக்கரி வெட்டும் ஊரில் பிறந்தவர். பிரெஞ்சில் டாக்டரை 'தொக்தேர்' என்பார்கள், எங்களுக்கும் அவர் தொக்தேர்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் அவருக்கு நர்ஸ், நாக்கு, இரண்டும்.

அவருடைய போக்கு விசித்திரமானது. ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வணக்கம் சொல்ல மாட்டார். மூக்கைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். குழம்பைத்தான் மோப்பம் பிடிக்கிறார் என்று வீட்டுப் பெண்கள் வெட்கப்படுவார்கள். பிறகு நோயாளியின் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மார்பு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவார். நாங்கள் கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிறவர்கள். "அது சோம்பேறிகளின் கணக்கு, மதாம் திரேஸ்" என்பார். நான் எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்கள் பார்த்தீர்களா, யாராவது சொன்னார்களா?" முதல் மாதம் எரிச்சலாக இருந்தது. இரண்டாம் மாதம் நானே என் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்க ஆரம்பித்தேன், அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த வருஷம் கத்திரி வெயிலில் உழவர்கரைக்கு அப்பால் சவுக்குத் தோப்புகள் தீப்பிடித்தன. மேலே எரிந்தது இரண்டு நாள்தான். கீழே முழங்கால் உயரத்துக்குக் கிடந்த சருகுக்குள் தீ புகுந்து, நாள் கணக்கில் கனன்றது. காலையில் கண் விழித்தால் ஊர் தெரியாது. தேவாலயக் கோபுரம் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் மூச்சிழுப்புக்காரர்கள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். பிற்பகலானால் எல்லாம் பளிச்சென்று வெளுத்துவிடும்.

"ஏன்?" என்றார் தொக்தேர்.

"கடல் காற்று வந்துவிடுகிறது."

"பார்த்தீர்களா, சொன்னார்களா?"

அப்படித்தான் துணி வேலை தொடங்கியது. மல்துணியைக் கையகலத் துண்டுகளாக வெட்டி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூங்கில் சட்டத்தில் கட்டி, விடியுமுன் பன்னிரண்டு இடத்தில் தொங்கவிடுவோம். பதினோரு மணிக்கு ஓரத்தைப் பிடித்து எடுத்து, விரல் படாமல் காகித உறையில் போட்டு, எண்ணும் இடமும் எழுத வேண்டும். பிறகு எல்லாவற்றையும் வெள்ளைப் பீங்கான் தட்டில் வரிசையாகப் பரப்பி, எது எதைவிடக் கறுப்பு என்று பார்ப்போம். "மாசேர் கைக்குட்டை காயப்போட்டுட்டுப் போறாங்கடி" என்று மார்க்கெட்டில் சிரித்தார்கள். நாலாம் எண் துணியை ஆடு தின்றுவிட்டது. தொக்தேர் தம் நோட்டில், நான்கு: ஆடு, என்று எழுதிக்கொண்டார்.

எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஊர் இருமிக்கொண்டிருந்தது, நானோ தட்டில் துணி பரப்பிப் பார்க்கும் நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். புகை வடமேற்கிலிருந்து வந்து, ஊர் ஓரத்துச் சாரம் கிராமத்தின் மேல் படுத்து, ஊரின் வடபாதியைத் தடவிக்கொண்டு கடலுக்குள் போகிறது என்று துணிகள் சொல்லின. தென்கோடிக் கடற்கரையில் கட்டிய பன்னிரண்டாம் துணி காலையில்கூட வெளுப்பாகவே இருந்தது. மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டால் போதும் என்று எல்லாரும் நம்பினோம். தொக்தேர் என் மூக்கில் இரண்டு மடிப்புத் துணியைக் கட்டி ஒரு மணி நேரம் சாரத்தில் நடக்கவைத்தார். வெளி மடிப்பில் சாம்பல் துகள் ஒட்டியிருந்தது. உள் மடிப்பும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது. "துணி சாம்பலைப் பிடிக்கிறது, புகையை விட்டுவிடுகிறது. இதை நம்பி யாரும் வெளியே அலையக் கூடாது" என்றார்.

ஆகவே சட்டம் போட்டோம். விடிந்ததிலிருந்து கடல் காற்று வரும்வரை கைக்குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், இழுப்புக்காரர்கள் வெளியே வரக் கூடாது. கதவு சன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி திணிக்க வேண்டும். காற்று திரும்பியதும் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். வெளிவேலைக்காரர்கள் கனமான வேலையைப் பிற்பகலுக்குத் தள்ள வேண்டும். மூச்சுவிடும்போது விலா எலும்பு உள்ளே இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி. தமுக்கு அடிப்பவர் முன்னே போக, நான் பின்னால் சொல்லிக்கொண்டே போனேன்.

சாரத்தில் கோவிந்தன் வீடு. குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. ஆனால் அவன் டவுனில் புஷ்புஷ் வண்டி தள்ளுகிறவன். முன்னால் ஆள் உட்கார, பின்னாலிருந்து தள்ளுவது. அவன் மனைவி வள்ளி பிரசவித்து ஆறு நாள், பெண் குழந்தை. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து பத்து நாளுக்குள் போய்விட்டன. மூன்று பிரசவத்தையும் பார்த்தது கோவிந்தனின் அக்கா அஞ்சலை. கணவனை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவள். இரண்டாவது பிள்ளை போனபிறகு அவள் கைராசியைப் பற்றித் தெருவில் பேச்சு வந்து, வேறு வீடுகளில் அவளைக் கூப்பிடுவது நின்றுபோயிருந்தது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும்.

வள்ளியைப் படுக்கவைத்திருந்தது நெல் கொட்டும் அறையில். மண்சுவர், மேலே மண்பூசிய மச்சு, ஒரே ஒரு சின்ன சன்னல். பார்த்ததுமே எனக்குக் கை துறுதுறுத்தது. இதைவிட நல்ல அறை ஊரில் ஏது? அஞ்சலையைக் கஞ்சி காய்ச்சச் சொல்லி, பழைய காகிதத்தைக் கஞ்சியில் தோய்த்து, சன்னல் இடுக்கு, சுவர் விரிசல் எல்லாவற்றையும் நானே ஒட்டினேன். கதவுக்கு அடியில் ஈரச்சாக்கு. அறைக்குள் ஒரு மல்துணியும் கட்டித் தொங்கவிட்டேன், பதின்மூன்றாம் எண். தொக்தேரிடம் கொண்டுபோய்க் காட்டிப் பெருமையடிக்கத்தான்.

"இது போதுங்களா மாசேர்? கெட்ட பொகை உள்ள வராதே?" என்றாள் அஞ்சலை.

"எறும்புகூட வராது, போ."

மறுநாள் ஒன்பது மணிக்குப் போனேன். கோவிந்தன் விடியலிலிருந்து புகைக்குள் வண்டி தள்ளிவிட்டு அப்போதுதான் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்து, தொண்டை கமறியது. மற்றபடி ஆள் திடமாகத்தான் இருந்தான். அறைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். வள்ளி தலையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

"மண்ட பொளக்குது மாசேர். ரெண்டு வாட்டி வாந்தி எடுத்துட்டேன். புள்ள பால் குடிக்கவே மாட்டேங்குது. எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டேங்குது."

பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன். காலை இழுத்துக்கொள்ளவில்லை. எண்ணினேன், முழுசாக ஒரு நிமிஷம். இருபத்தெட்டு. அந்த வயதுப் பிள்ளைக்கு அது பாதிதான். பதின்மூன்றாம் துணியைப் பார்த்தேன். அது வாசலில் நாங்கள் கட்டியிருந்த துணியைவிடக் கறுத்திருந்தது.

என் மூளை அங்கே நின்றுவிட்டது. புகைக்குள் வண்டி தள்ளியவன் நன்றாக இருக்கிறான். புகையே வராத அறைக்குள் படுத்தவள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறாள். நான் சுற்றிச் சுற்றி நான் ஒட்டிய இடுக்குகளையே பார்த்தேன், எங்கே கிழிந்திருக்கிறது என்று. ஒரு இடத்திலும் கிழியவில்லை. பக்கத்துத் தெருவில் துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்த தொக்தேரை ஓடிப்போய் அழைத்து வந்தேன்.

பிள்ளை பெற்ற அறைக்குள் ஆண் வரக் கூடாது. அவர் நிலைப்படிக்கு வெளியே நின்று, வழக்கம்போல மூக்கைத் தூக்கினார். ஒரு நொடிதான்.

"என்ன எரிகிறது?"

"ஒன்றும் எரியவில்லை, தொக்தேர்."

"பார்த்தீர்களா?"

குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கடியில் தணல் சட்டி. நேற்றும் அது அங்கேதான் இருந்தது! நேற்று அதன்மேல் குனிந்து, "நல்ல சாம்பிராணியா இருக்கே, எங்க வாங்கின?" என்றுகூடக் கேட்டேன். பச்சை உடம்புக்காரி இருக்கும் அறையில் சாம்பிராணியும் வேப்பிலையும் பூண்டுத்தோலும் போடாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. கோயிலுக்குப் போகிற வீடானாலும் சரி, தேவாலயப் பூசைக்குப் போகிற வீடானாலும் சரி. என் மூன்று பிள்ளைகளும் அந்த வாசனையில் வளர்ந்தவர்கள்தான். அதைப் புகை என்று என் கண் எடுத்துக்கொள்ளவே இல்லை. தொக்தேருக்கு அந்த ஊர்க் கண் இல்லாததால் மூக்கு வேலை செய்தது.

"எத்தன வேள போட்டே?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"எப்பவும் ரெண்டு வேளதான். வெளில கெட்ட பொகைன்னு நீங்கதான சொன்னீங்க? அது கிட்ட வரக்கூடாதுன்னு நேத்துலேர்ந்து நாள் முச்சூடும் போட்டுக்கிட்டே இருக்கேன். ராத்திரிகூடக் கரி அவியவிடல, கதவையும் தொறந்து வைக்கல."

அவள் செய்தது பூராவும் அன்பு. நான் ஒட்டியது பூராவும் கெட்டிக்காரத்தனம். இரண்டும் சேர்ந்து அந்தப் பிள்ளையின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தன. சாம்பிராணிப் புகையைவிட அடியில் கனலும் கரிதான் பெரிய எமன் என்று தொக்தேர் விளக்கினார். மூடிய அறையில் கரி கனன்றால் நிறமும் மணமும் இல்லாத ஒரு விஷம் காற்றில் சேரும். முதலில் தலைவலி, வாந்தி, அப்புறம் தூக்கம். அவர் ஊரில் குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக அப்படிச் செத்திருக்கிறார்களாம். சட்டியை வெளியே வீசினேன். நான் ஒட்டிய காகிதத்தை நானே கிழித்தேன்.

"இது போதாது. சுத்தமான காற்று வேண்டும், இப்போதே. பன்னிரண்டாம் துணி தொங்கும் இடத்துக்குப் போகலாம்" என்றார் தொக்தேர். கடல் காற்று வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. சாரத்தில் வெளியேயும் புகை.

அஞ்சலை குறுக்கே வந்து நின்றாள். "பதினாறு நாள் கழியாம தாயையும் புள்ளையையும் படி தாண்ட விடமாட்டேன். வெட்டிப் போட்டாலும் விடமாட்டேன்."

தொக்தேர் சத்தம் போடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சட்டம் பேசினேன், போலீஸ் என்று மிரட்டினேன். அவள் அசையவில்லை. அவள் கண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவளைப் பிடித்து நிறுத்தியது தீட்டோ சாங்கியமோ இல்லை, பயம். மூன்றாவதும் போனால் அவள் கை வைத்ததால் போயிற்று என்பார்கள். படி தாண்டியபிறகு போனால் அவள் விட்டதால் போயிற்று என்பார்கள். எப்படிப் போனாலும் பழி அவள் தலையில்தான் விழும்.

எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலில் கூடியிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னேன்: "அஞ்சல மேல தப்பு இல்ல. சன்னல ஒட்டினது நான். சட்டியப் பாத்துட்டும் சும்மா போனது நான். இந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அது என் கையால ஆனது. எல்லாரும் கேட்டுக்குங்க."

எட்டு வருஷம் சேர்த்துவைத்த என் மரியாதை அந்தத் தெருவில் அப்படியே கீழே விழுந்தது. வலித்தது. அஞ்சலை என்னையே பார்த்தாள், பிறகு முந்தானையால் பிள்ளையின் தலையை மூடி என் கையில் கொடுத்தாள். "நானும் வருவேன்" என்றாள்.

வண்டியில் வள்ளியும் பிள்ளையோடு நானும். கோவிந்தன் தள்ளினான். பாதி வழியில் அவனுக்கு இருமல் வந்து மூச்சு வாங்க, தொக்தேர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தாமும் சேர்ந்து தள்ளினார். வெள்ளைக்கார டாக்டர் புஷ்புஷ் தள்ளுவதைப் பார்த்து ஊரே வேலையை நிறுத்திவிட்டது. அஞ்சலை பக்கத்தில் ஓடி வந்தாள். நான் பிள்ளையின் மார்பில் கை வைத்து பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே போனேன். பெரிய வாய்க்காலைத் தாண்டும்போது முப்பத்து நான்கு. தென்கோடியில் கடலுக்கு எதிரே வண்டியை நிறுத்தியபோது நாற்பதைத் தாண்டியது. வள்ளி மார்பில் வைத்தாள், குடிக்கவில்லை. மறுபடி வைத்தாள். உள்ளங்காலைச் சுண்டினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, கோபமாக, ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு அழுகை. கோவிந்தன் மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான். நானும் அழுதேன். நர்ஸ் அழக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் சட்டத்தை மாற்றினோம். வீட்டைச் சாத்தச் சொல்லுமுன், உள்ளே போய்க் குனிந்து, அடுப்பு, தணல் சட்டி, ஊதுவத்தி, கொசுவுக்குப் போடும் வேப்பம்புகை எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொன்னோம். சாத்திய அறையில் எதுவும் எரியக் கூடாது. பெண்களிடம் புகை என்று சொன்னால் சாம்பிராணியை எடுக்க மாட்டார்கள், அதனால் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிச் சொன்னேன். தொக்தேர் தம் அறிக்கையில் என் தவறை எழுதினார். ஒளிக்கவில்லை. தணல் சட்டியைப் பற்றித் தாமும் கேட்கவில்லை என்பதை அதற்கு முதல் வரியில் எழுதியிருந்தார்.

அன்று கடற்கரையில் நடந்த ஒன்றை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. பிற்பகலில் கடல் காற்று வந்தபிறகு, வள்ளியும் கோவிந்தனும் கண்ணயர்ந்திருந்தார்கள். பிள்ளை பால் குடித்துவிட்டு என் மடியில் கிடந்தது. தொக்தேர் பக்கத்தில் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அஞ்சலை என் அருகில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"மாசேர், மொத ரெண்டு புள்ளைங்களும் மார்கழில ஒண்ணு, தையில ஒண்ணு பொறந்துது. பனின்னு கதவையே தொறக்கல. கணகணப்பா இருக்கட்டும்னு சட்டியக் கட்டிலுக்கடியிலயே வச்சிருந்தேன். ரெண்டும் இப்படித்தான் தூங்கிக்கிட்டே இருந்துதுங்க. அழுவவே இல்ல. அப்படின்னா அதுங்களும்..."

தொக்தேர் தலையைத் தூக்கி, என்ன சொல்கிறாள் என்று கேட்டார். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்கிறாள் என்றேன். அவர் அதை நம்பி மறுபடி எழுதக் குனிந்தார்.

"தெரியலம்மா. பச்சப் புள்ளைங்க எத்தனையோ காரணத்துல போவும். எனக்குத் தெரியல" என்றேன் அவளிடம்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். முப்பத்து நான்கு வருஷத்தில், தெரிந்திருந்தும் தெரியாது என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். இன்றைக்கு அஞ்சலை வந்து மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.